ஐம்பது மதிப்பெண்ணில் போதைக்கு எத்தனை?

ஈப்போ பழைய பட்டணத்தில் மாலை நேரம். மேசையில் ஒரு சின்ன மரப்பலகை. அதில் நான்கு சிறு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் வைக்கோல் நிறம், ஒன்றில் கலங்கிய மஞ்சள், ஒன்றில் தேன் நிறம், கடைசியில் காப்பி-ஓ போன்ற கறுப்பு. சுற்றி அமர்ந்திருக்கும் இளைஞர்கள் குவளையை விளக்கொளியில் தூக்கிப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், ஒரு வாய் குடித்துவிட்டுத் தாளில் எண்களை எழுதுகிறார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்தால் முதலில் கேட்பது, "இதுல எதுப்பா நல்லா ஏறும்?" என்பதாகத்தான் இருக்கும்.

சிரிப்பை வரவழைக்கும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நம் சமுதாயத்தின் நூறாண்டு வரலாறு இருக்கிறது. யாரையும் குடிக்கத் தூண்டுவது நம் நோக்கமன்று. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருப்பது நல்லது. ஆனால், குடிப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் குவளையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கும் குடும்பத்துக்கும் பயன்படும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

பெரிய ஆலைகள் ஒரே சுவையில் கோடிக்கணக்கில் தயாரிக்கும் பீர் வேறு, சிறு கூடங்களில் குறைந்த அளவில் பல சுவைகளில் தயாரிக்கப்படும் கிராஃப்ட் பீர் வேறு. மூலப்பொருள் என்னவோ இரண்டுக்கும் பெரும்பாலும் நான்குதான்: தண்ணீர், மால்ட், ஹாப், ஈஸ்ட்.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பது போலத்தான். ஹாப் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. மால்ட்டை எவ்வளவு வறுக்கிறோம், எந்த ஹாப்பை எப்போது போடுகிறோம், எந்த ஈஸ்ட் என்பதைப் பொறுத்துச் சுவை மாறுகிறது.

இந்த வேறுபாடுகளை ஒழுங்காக அளக்க, அமெரிக்காவில் 1985-இல் பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பல நாடுகளிலும் போட்டிகளில் இதன் மதிப்பெண் தாள் பயன்படுகிறது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. கூட்டினால் 45-க்கு மேல் பெறுவது மிகச் சிறந்தது. 38 முதல் 44 வரை உயர்தரம். 30-க்கு மேல் நல்ல தரம். 13-க்குக் கீழே போனால் அந்தப் பீரில் ஏதோ பெருங்கோளாறு.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். 'நன்றாக ஏறுமா' என்பதற்கு எத்தனை மதிப்பெண்? ஒன்றுகூட இல்லை. மதுசாரத்தின் வெதுவெதுப்பை நடுவர் குறித்துக்கொள்வார். அது தொண்டையை எரித்தால் குறையாகவே எழுதுவார். 4 விழுக்காடு பீர் 46 மதிப்பெண் பெறலாம். 9 விழுக்காடு பீர் 15-இல் நின்றுவிடலாம்.

நாக்குக்குப் பழகிய மணங்கள்

பீரைச் சுவைக்க அயல்நாட்டுப் பழங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேராக்கில் வளர்ந்த மூக்குக்குத் தேவையான அகராதி இங்கேயே இருக்கிறது.

லாகர் எனப்படும் வெளிர் நிறப் பீரில் ரொட்டி மணமும் மெல்லிய கசப்பும் இருக்கும். நம் கடைகளில் டின்னில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகை. ஜெர்மானியக் கோதுமைப் பீரை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் தெரியும். ஆனால், அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. இரண்டும் ஈஸ்ட் உண்டாக்கும் மணங்கள். ஐ.பி.ஏ. எனப்படும் கசப்பு மிகுந்த வகையில் தம்புன் பம்பளிமாஸின் தோலைக் கிள்ளியது போன்ற வாசம் வரும். அது ஹாப் பூவின் எண்ணெய். ஸ்டவுட் எனப்படும் கறுப்புப் பீரில் காப்பி மணம் வருவது, காப்பிக் கொட்டை போலவே பார்லியையும் கருக வறுப்பதால். காப்பிக் கொட்டையை எவ்வளவு வறுத்தால் என்ன சுவை வரும் என்பதை ஈப்போக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறைகளையும் இப்படியே அறியலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பீர் பழையது, அல்லது வெப்பத்தில் கிடந்தது. வேகவைத்த சோள வாசமும் வெண்ணெய் வாசமும் பெரும்பாலும் தயாரிப்பில் நேர்ந்த குறைகள். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் நொதித்தல் முழுமையாகவில்லை. காடிப் புளிப்பு வந்தால் வேண்டாத கிருமி புகுந்திருக்கலாம். வெயில் பட்ட பச்சைப் புட்டியில் கந்தகம் கலந்த நாற்றம் வரும். ஒளி ஹாப்பின் பொருள்களைச் சிதைப்பதால் வருவது அது. பழுப்புப் புட்டி ஒளியைப் பெரிதும் தடுக்கும். டின் முழுவதுமாகத் தடுக்கும். நம் ஊர் வெப்பத்தில் கடைக்கு வெளியே அடுக்கி வைத்த பெட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

சுவைக்கும் முறையும் எளிதுதான். மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிக்க வேண்டும். இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும் போதும். புந்தோங் கச்சாங் பூத்தே நமக்கெல்லாம் பிடிக்கும். ஆனால் அதன் உப்பும் காரமும் நாக்கை மறைத்துவிடும் என்பதால் அது கடைசியில்தான் வர வேண்டும். ஐஸ் கட்டி போட்டால் குளிர்ச்சியில் மணமும் மறையும், குறையும் மறையும்.

குவளைக்கு 75 மில்லி லிட்டர் போதும். நான்கு குவளை சேர்ந்தால் 300 மில்லி லிட்டர். ஒரு சின்ன டின்னுக்கும் குறைவு. ஒரு மாலை முழுவதும் பேசிச் சுவைத்து ஒரு டின் அளவைக்கூடத் தாண்டாமல் எழுந்து போகலாம். மதிப்பெண் போடும் பழக்கத்தின் பெரிய பயன் இதுதான். கவனித்துக் குடிப்பவர் மெதுவாகக் குடிப்பார். மெதுவாகக் குடிப்பவர் எப்போது நிறுத்துவது என்பதை அறிவார்.

கள்ளுக்கும் போடலாம் மதிப்பெண்

இந்தக் கலை நமக்குப் புதிதன்று. நம் தாத்தாக்கள் தாளும் பென்சிலும் இல்லாமல் கள்ளைத் தரம் பார்த்தார்கள்.

தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு சொட்டும். உள்ளே சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் அது நொதிக்காது. இனிப்பான பதநீராகக் கிடைக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சொட்டு விழும்போதே வேலையைத் தொடங்கிவிடும். பீர் ஆலையில் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைக் கொண்டு பல நாள் நடக்கும் வேலை, மரத்தின் உச்சியில் தானாகவே சில மணி நேரத்தில் நடக்கிறது.

அதனால் கள்ளின் சுவை கடிகாரத்தோடு ஓடும். காலையில் இறக்கும் கள்ளே இரவு முழுக்க முட்டியில் இருந்ததுதான். இனிப்பு முன்னே நிற்கும், புளிப்பு பின்னால் எட்டிப் பார்க்கும். பகல் ஏற ஏற இனிப்பு குறைந்து மதுசாரம் கூடும். ஒரு நாளுக்குள் 4 முதல் 6 விழுக்காடு வரை வந்துவிடும். அதன் பிறகு புளிப்பு மேலோங்கும். சில நாள் விட்டால் காடிதான்.

நடுவர் தாளைக் கள்ளுக்கு வைத்துப் பாருங்கள். தோற்றம்: பன்னாடையில் வடித்த நல்ல கள் பால் போலக் கலங்கியிருக்கும், சிறு குமிழிகள் எழும், நீர்த்துத் தெளிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். மணம்: தென்னம்பாளையும் ஈஸ்ட்டும் பழ வாசமும் சேர்ந்தது, காடி வாசம் தூக்கினால் நேரம் கடந்தது. சுவை: இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்க வேண்டும், விழுங்கிய பிறகும் நாக்கில் ஒட்டும் தித்திப்பு, செயற்கை இனிப்பு சேர்த்ததன் அடையாளமாக இருக்கலாம். வாயுணர்வு: நாக்கில் மெல்லச் சுருக்கென்று நுரைக்க வேண்டும்.

பேராக்கில் இதில் ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னை நிறைந்த கரையோரம். மரத்திலிருந்து குவளைக்குத் தூரம் குறைவு. சுங்கை சிப்புட், சிம்மோர் போன்ற உள்பகுதிகளில் பால்மரமே ஆட்சி செய்தது. அங்கே தொலைவிலிருந்து கள் வந்தால், வழியிலேயே ஒரு புளிப்பு கூடிவிடும்.

தெரிந்த நாக்கு, தெரிவு இல்லாத கடை

அப்படியானால், கள்ளின் தரம் அறிந்த மக்களிடம் 'எது ஏறும்' என்ற கேள்வி எப்படி வந்தது?

விடை நாக்கில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்தப் பயிர் பரவப் பரவ, அதற்காக அழைத்து வரப்பட்ட தமிழர்களின் வாழ்க்கை லயத்துக்குள் அமைந்தது. பள்ளி தோட்டத்துக்குள், கோயில் தோட்டத்துக்குள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள். பல தோட்டங்களில் நிர்வாகமே உரிமம் பெற்றுக் கடையை நடத்தியது. கூலி கொடுத்த கையே கள்ளுக்குக் காசு வாங்கியது. ஈப்போவில் துரைமார்கள் கிளப்பில் விஸ்கி அருந்திய அதே மாலையில், பால்மரம் வெட்டிய களைப்போடு நம்மவர்கள் ஒரே கடையில், ஒரே வகைக் கள்ளுக்கு நின்றார்கள். தெரிவு இல்லாத இடத்தில் தரத்துக்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்? உடம்பு வலி மறக்குமா என்பது மட்டுமே மிஞ்சியது.

இதை அன்றே உணர்ந்து எதிர்த்தவர்களும் நம்மவர்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் பிள்ளைகளின் கல்வியோடும் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பிறகு, 1947-இல், கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக இறங்கினார்கள். பெடோங் பக்கம் அது போலீசாரோடு மோதலாகவும் முடிந்தது. அவர்களின் கோபம் கள்ளின் சுவை மேல் அன்று. கூலி வீட்டுக்கு வந்து சேராமல் செய்த ஏற்பாட்டின் மேல்தான்.

பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். பழைய கேள்வியும் கூடவே வந்தது. ஆனால், அதற்குப் பதில் சொல்லப் பட்டணத்தில் காத்திருந்தது கள்ளைவிடக் கொடியது.

சம்சு போடும் கணக்கு

சம்சு என்பது முதலில் சீனர்களின் அரிசிச் சாராயத்துக்கு வழங்கிய பெயர். நாளடைவில் மலிவான கடுஞ்சாராயம் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. நம் நாட்டில் பீருக்குக் கலால் வரி அதிகம். 2016 மார்ச்சில் அது பீரில் உள்ள தூய மதுசாரத்தின் ஒரு லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு ரிங்கிட்டுக்கு எவ்வளவு போதை என்று கணக்குப் பார்ப்பவர் பீரை விட்டுச் சம்சுவுக்குப் போவதில் வியப்பில்லை.

அந்தக் கணக்கை உடம்பின் பக்கமிருந்து போட்டுப் பார்ப்போம். மில்லி லிட்டர் அளவை விழுக்காட்டால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் மதுசாரம் என்பது கிடைக்கும். 5 விழுக்காடு உள்ள 320 மில்லி லிட்டர் பீர் டின்னில் ஏறத்தாழ 13 கிராம். 5 விழுக்காடு கள் 600 மில்லி லிட்டர் குடித்தால் 24 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கும் 150 மில்லி லிட்டர் சாராயம் 37 விழுக்காடு என்றால் 44 கிராம். அதாவது மூன்று டின் பீருக்கும் மேல். டின் பீரைக் குடிக்க நேரம் ஆகும். சின்னப் புட்டி இரண்டு மடக்கில் முடியும். கல்லீரலுக்கு அவகாசமே கிடைக்காது.

இந்தச் சின்னப் புட்டியின் ஆபத்தை உணர்ந்தே, கலப்புச் சாராயத்தை 700 மில்லி லிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் விற்க வேண்டும் என்று உணவு ஒழுங்குமுறைகள் திருத்தப்பட்டன. மது வாங்கும் குறைந்தபட்ச வயதும் 18-இலிருந்து 21-ஆக உயர்ந்தது. சட்டம் வழி காட்டியிருக்கிறது. மலிவான சரக்கைக் கள்ளத்தனமாக விற்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நாக்கு சொல்லாத ஒன்று

இதுவரை நாக்கையும் மூக்கையும் நம்பச் சொன்னோம். அவை தோற்கும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் மெத்தனால்.

தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மதுசாரம் அது. விலை குறைவு என்பதால் கள்ளச் சாராயத்தில் கலக்கப்படுகிறது. அதன் மணமும் சுவையும் குடிக்கும் மதுசாரத்தைப் போலவே இருக்கும். நாற்பது ஆண்டு குடித்த நாக்காலும் வேறுபாடு காண முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் யாருடைய நாக்கும் அவர்களை எச்சரிக்கவில்லை.

மெத்தனால் உடம்பில் பார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். மாற்றத்துக்கு நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் முதலில் வழக்கமான போதையில் இருப்பது போலவே தெரிவார். பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள், வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற உணர்வு என்று தொடங்கும். வீட்டார் 'நேத்துக் குடிச்சது தெளியல, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் உயிரைப் பறிக்கிறது. உடனே 999-ஐ அழைக்க வேண்டும், அல்லது அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். குடித்த புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு; நேரத்தோடு போனால் உயிரையும் பார்வையையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். கூடக் குடித்தவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்கள் நலமாகத் தெரிந்தாலும் வரச் சொல்லுங்கள்.

எனவே, சுவைக்கு மதிப்பெண் போடுவதற்கு முன், புட்டிக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? மதுசார விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கிறதா? மூடி உடைக்கப்படாமல் இருக்கிறதா? விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா? இவற்றில் ஒன்று இடித்தாலும் திறக்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. 2020 அக்டோபர் முதல், வாகனம் ஓட்டுவோரின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுசார அளவு 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராமிலிருந்து 50-ஆகக் குறைக்கப்பட்டது. சுவைக்கப் போகிறவர் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

கேள்வியை மாற்றுவோம்

ஈப்போ மேசையிலிருக்கும் இளைஞர்களுக்கு அவர்கள் தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது: தெரிவு. நான்கு குவளையில் பிடிக்காததைத் தள்ளி வைக்கலாம். எதுவும் வேண்டாம் என்று எழுந்தும் போகலாம். சம்பளம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. தோட்டத்து மக்கள் கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடியபோது கேட்டதும் அடிப்படையில் இந்த உரிமையைத்தான்.

கிராஃப்ட் பீர் விலை அதிகம். எல்லாருக்கும் அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஆனால், அந்த மதிப்பெண் தாளில் உள்ள பாடம் இலவசம். வீட்டில் குடிப்பவர் ஒருவர் இருந்தால், அவரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு நாள் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இதுல என்ன வாசம் வருது? எத்தனை பெர்சென்ட்? யார் தயாரிச்சது?" மூன்றுக்கும் விடை தெரியாத குவளை கீழே வைக்கப்பட வேண்டிய குவளை.

'எது ஏறும்' என்பது வலியை மறக்கக் கேட்ட கேள்வி. அந்த வலிக்குக் காரணமான லயங்கள் பலவும் இன்று இல்லை. கேள்வி மட்டும் நம் வீடுகளில் எதற்குத் தங்க வேண்டும்?